எடைமேடைக் கேள்விகள்: உப்பளம், கரிமூட்டம், நண்டுக்கூடங்களில் மிஞ்சும் துணைப்பொருள்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படுபவை

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து எடைமேடை ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. வாலிநோக்கம் பக்கத்து உப்பு, சுற்று ஊர்களில் மூட்டம் போட்ட கரி, கருவாடு, நண்டு ஓடு, கருப்பட்டி என்று இந்தக் கரையில் விளைவதெல்லாம் என்றாவது ஒருநாள் இந்த மேடையில் ஏறி இறங்கும். எடைச் சீட்டில் ‘பொருள்’ என்று ஒரு கட்டம் உண்டு. வண்டியில் இருப்பது உப்பு என்றால் பேச்சே இல்லை. உப்பு வாரிய பின் பாத்தியில் தங்கியதோ, கரி சலித்த பின் சல்லடைக்கு அடியில் விழுந்ததோ, நண்டின் சதை எடுத்த பின் மிஞ்சியதோ வந்து நின்றால், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் தொடங்கும் பேச்சு வேறெங்கோ போய் முடியும்.

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவன் என்பது தெரிந்ததிலிருந்து ஓட்டுநர்கள், வியாபாரிகள், செயல்திட்டம் எழுத வரும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

துணைப்பொருள், கழிவு, ரெண்டும் ஒண்ணுதானே சார்?

ஒரு பொருளைச் செய்யப் புகும்போது நாம் கேட்காமலே கூடவே உண்டாவது துணைப்பொருள். சிப்பியைக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கிறது. கரியமில வாயுவும் வெளியேறுகிறது. தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் வந்தே தீரும். சுண்ணாம்பு மட்டும் போதும் என்று காளவாயிடம் சொல்ல முடியாது.

கழிவு என்பதோ பொருளின் குணத்தைச் சொல்லும் சொல்லன்று. எடுத்துப்போக ஆளில்லாத நிலையைச் சொல்வது. சில ஆண்டுகளுக்கு முன் உலர்ந்த நண்டு ஓடு ஏற்றி வந்த ஒரு வண்டிக்கு, ஓட்டுநர் சொன்னபடியே ‘நண்டுக் கழிவு’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அதே ஓட்டுநர் கோபத்தோடு வந்தார். கழிவுக்குக் காசு எதற்கு என்று வாங்குபவர் பேரத்தில் விலையை இறக்கிவிட்டாராம். ‘நண்டு ஓடு’ என்று மாற்றி எழுதச் சொன்னார். ஓடு அதே ஓடுதான், நாற்றமும் அதே நாற்றம்தான். அன்று முதல் வாங்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டே அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன்.

உபபொருள், துணைவிளைபொருள், பக்கவிளைவு... பரீட்சையில் எதை எழுதணும்?

முதல் இரண்டும் துணைப்பொருளுக்கான வேறு பெயர்கள். எதை எழுதினாலும் தவறில்லை. பக்கவிளைவு என்பதை மருந்துக்கும், பொருளாகக் கையில் எடுக்க முடியாத நிலைமைகளுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. அத்தகைய ஒன்றைப் பற்றிய கேள்வி பின்னால் வருகிறது.

கடல் தண்ணியைக் காய வச்சா உப்பு மட்டும்தானே வரும்?

உப்பளத்தைப் பற்றிய எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்தக் கேள்விதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் சமையலுக்குப் போடும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். மீதி மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகளும் மிகச் சிறிதளவு புரோமைடு முதலியனவும். வெயிலில் நீர் வற்றும்போது இவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. எது குறைவாகக் கரையுமோ அது முதலில் படியும். நன்றாகக் கரைவது கடைசிவரை நீரிலேயே தங்கும்.

அளத்துக்காரர்கள் இந்த வரிசையை ‘டிகிரி’ வைத்துப் பிரிக்கிறார்கள். கண்ணாடிக் குழாயின் அடியில் ஈயக்குண்டு வைத்த மானியை நீரில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் படிக்கும் போமே அளவு அது. கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி காட்டும். நீர் வற்றி அடர்த்தி ஏறும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. சுமார் 13, 15 டிகிரியில் ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட்டு படியத் தொடங்குகிறது. 25 டிகிரி வாக்கில், அதாவது முதலில் பாய்ச்சிய நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகு, உப்பு பூக்கிறது. 29, 30 டிகிரியைத் தொட்டதும் எஞ்சிய நீரை வடித்துவிடுகிறார்கள். அதுதான் கசப்பு நீர்.

வடிக்காமல் விட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி தண்ணீர் விடுவதற்கும் காற்றின் ஈரத்தை இழுக்கும் மக்னீசியம் குளோரைடே பெரும்பாலும் காரணம். வாரிய உப்பை உடனே மூட்டை கட்டாமல் அம்பாரமாகக் குவித்துச் சில காலம் விடுவதில் இதற்கான வைத்தியமும் அடங்கியிருக்கிறது: ஈரம் பட்டு அது கசிந்து கீழே இறங்கிவிடும்.

பாத்தியில் நடந்தா காலைக் குத்துதே, அது உப்புதானா?

உப்புப் படிகம் கனசதுரமாக இருக்கும், மிதித்தால் நொறுங்கும். குத்துவது அநேகமாக ஜிப்சம். நீரை ஏற்றிச் சுண்டவைக்கும் முன்பாத்திகளின் தரையில் ஊசியும் தகடுமாக வளர்ந்து, மண்ணோடு சேர்ந்து ஓடு போல இறுகிவிடும். கையில் எடுத்து வெயிலில் பிடித்தால் மங்கிய கண்ணாடித் துண்டு போலத் தெரியும். நாக்கில் வைத்தால் சுற்றி ஒட்டியிருக்கும் உப்பு கரிக்கும். அதைக் கழுவிவிட்டால் சுவையே இராது. எளிய சோதனை அதுதான்.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் கேட்பார்கள். ஒரு டன் உப்புக்கு, சேதாரம் இல்லாத கணக்கில், 40 கனமீட்டர் அளவுக்குக் கடல்நீர் வேண்டும். அவ்வளவு நீரிலுள்ள கால்சியம் முழுவதும் ஜிப்சமாகப் படிந்தால் சுமார் 70 கிலோ. முழுவதும் படியாது; படிந்ததில் சுரண்டி எடுக்கத் தோதாக இருப்பது இன்னும் குறைவு. ஆகவே ஆண்டுதோறும் எடுப்பதைவிட, ஓடு கனத்த பிறகு மழைக்கு முன்னால் உடைத்து எடுப்பதே வழக்கம். சிமென்டு ஆலைகள் அதை வாங்கும். சிமென்டு நீர் பட்டவுடன் இறுகிவிடாமல் இருக்க, அரைக்கும்போது நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு ஜிப்சம் சேர்க்கிறார்கள்.

அந்த ஜிப்சத்தை வயல்ல போடலாமா அண்ணே? மண்ணு உப்புப் பாரிச்சுக் கெடக்கு.

இதைக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மண் களரா, உவரா? களர் நிலத்தில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் மண்ணை இறுக்கிவிடுகிறது. கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் இருக்கும். ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தை விலக்கி அதன் இடத்தைப் பிடிக்கும். விலகிய சோடியத்தை நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் மண் தெளியும். உவர் நிலத்தின் கதை வேறு. அங்கே கரைந்த உப்பே மிகுதி. அதற்கு ஜிப்சம் மருந்தாகாது, நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வேண்டும். கடலோரத்தில் பெரும்பாலும் உவர்தான் என்பதால், மண் பரிசோதனை செய்யாமல் ஜிப்சத்துக்குப் பணம் போடாதீர்கள்.

நிலக்கடலைக்குச் சத்தாகப் போடுவதானால் எக்டருக்கு 400 கிலோ என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. அளத்து ஜிப்சமானால் ஒரு மழையாவது நனைந்து உப்புக் கழுவப்பட்டதாக இருக்க வேண்டும். ‘ஜிப்சம்’ என்ற ஒரே பெயரில் மூன்று சரக்குகள் சந்தையில் உலவுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்: பூமியில் வெட்டியது, உப்பளத்தில் படிந்தது, பாஸ்பேட் உர ஆலையில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது மலைமலையாக மிஞ்சுவது. மூன்றாவதில் அமிலத்தின் மிச்சமும் மூலப்பாறையிலிருந்து வந்த வேறு சிலவும் கலந்திருக்கும். எது என்று கேட்டு வாங்குங்கள்.

கசப்புத் தண்ணி விஷமா? ஆடு குடிச்சிருச்சு.

ஆடு குடித்துவிட்டது என்றால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு நல்ல தண்ணீர் காட்டிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சயனைடு போன்ற விஷம் அதில் இல்லை. ஆனால் பேதி உப்பு என்று நம் வீடுகளில் சொன்ன மக்னீசியம் சல்பேட்டும் மக்னீசியம் குளோரைடும் அதில் நிறைந்திருப்பதால், உடம்பின் நீரை இழுத்து வயிற்றோட்டத்தில் கொண்டுபோய் விடும். அளவு கூடினால் உயிருக்கும் ஆபத்து. அதே நீரைச் சுத்தப்படுத்திச் சில சொட்டுகள் விட்டுச் சோயாப் பாலைத் திரட்டி உணவாக்கும் வழக்கம் ஜப்பானில் உண்டு. எந்தச் சரக்குக்கும் அளவு ஒரு குணம். பாத்தியில் நிற்பவர்களுக்குக் காலில் வரும் வெடிப்புக்கும் எரிச்சலுக்கும் இந்த நீருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுக்கு இந்தக் கேள்வி புத்தகக் கேள்வியே அன்று.

அதுல இருந்து என்னென்ன எடுக்கலாம்?

பேதி உப்பு, தளம் போட உதவும் மக்னீசியா சிமென்டுக்கான மக்னீசியம் குளோரைடு, பொட்டாஷ், புரோமின். பொட்டாஷ் உரத்துக்கு நம் நாடு ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியை நம்பியிருக்கிறது என்பதை நினைத்தால், ஒரு டன் உப்புக்கான கடல்நீரில் கணக்குப்படி 30 கிலோ அளவுக்குப் பொட்டாசியம் குளோரைடு வந்து போகிறது என்பது மனத்தை உறுத்தும். அதை மக்னீசியத்திடமிருந்து பிரிப்பதுதான் பாடு.

புரோமினின் கதையே கசப்பு நீரில்தான் தொடங்குகிறது. பிரான்சின் மான்பெல்லியே ஊரில் 1826-இல் அந்துவான் பலார் என்ற இளைஞர் உப்பளத்துக் கசப்பு நீரில் குளோரினைச் செலுத்தி, செம்மஞ்சளாக மாறிய நீரிலிருந்து அந்தத் தனிமத்தைப் பிரித்தார். அதற்குச் சற்று முன்னரே ஜெர்மனியில் ஓர் உப்பு நீரூற்றிலிருந்து வந்த அதே சரக்கு புகழ்பெற்ற வேதியியலாளர் லீபிக்கின் கைக்கு வந்திருந்தது. அவர் அதை அயோடின் குளோரைடு என்று எண்ணிப் புட்டியில் சீட்டு ஒட்டி வைத்துவிட்டார். பலாரின் கண்டுபிடிப்பைக் கேட்ட பிறகு, தம் தவறுகளின் நினைவாக அந்தப் புட்டியைத் தனியே வைத்திருந்தார் என்பார்கள். சீட்டில் பெயர் எழுதிப் பிழைக்கும் என் போன்றவனுக்கு அந்தக் கதையில் ஒரு தனிப் பிரியம்.

அயோடினும் இப்படித்தான் கிடைச்சதா? உப்புல சேர்க்குறாங்களே, அது.

ஆம். நெப்போலியன் காலத்துப் போர்களுக்கு வெடியுப்பு செய்துகொண்டிருந்த பெர்னார் கூர்த்துவா, 1811-இல் கடற்பாசிச் சாம்பல் கரைசலின் மிச்சத்தில் கந்தக அமிலத்தைக் கூடுதலாக ஊற்றிவிட, ஊதா நிறப் புகை எழுந்தது. குளிர்ந்த இடத்தில் அது கறுத்த படிகமாகப் படிந்தது. அவர் தேடியது வெடியுப்பு, கிடைத்தது அயோடின். நம் கரையில் கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்று பெண்கள் முங்கி எடுக்கும் பாசிகள் இன்று அயோடினுக்காக வாங்கப்படுவதில்லை. கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்கும் மரிக்கொழுந்து அகருக்கும் போகின்றன; உணவு முதலியவற்றைக் கெட்டியாக்கும் பசைப்பொருள்கள் அவை. மண்டபம் பக்கம் மிதவைகளில் கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் பாசியில் துணைப்பொருள் ஒரு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது: பச்சையாக அரைத்துப் பிழிந்தால் வரும் சாறு பயிருக்குத் தெளிக்கும் திரவ உரமாகவும், பிழிந்த சக்கை கேராஜீனன் என்ற அதேபோன்ற பசைப்பொருளுக்கும் பயன்படுகின்றன. எது முதற்பொருள், எது துணை என்று அங்கே சொல்வது கடினம்.

இவ்வளவு இருக்குன்னா சின்ன அளத்துக்காரங்க ஏன் புரோமின் எடுக்கல?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் உப்புக்குச் சுமார் ஒரு கனமீட்டர் கசப்பு நீர் வடியும். கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவில் இருக்கும் புரோமின், கசப்பு நீரில் 2 முதல் 3 கிராம் வரை ஏறியிருக்கும். ஆண்டுக்கு ஆயிரம் டன் வாரும் அளத்தில், ஒரு சொட்டும் வீணாகாமல் எடுத்தாலும் இரண்டு, மூன்று டன் புரோமின். அதற்குக் குளோரின் உருளை வேண்டும், நீராவி வேண்டும், அரிப்புக்குத் தாங்கும் கண்ணாடியோ பீங்கானோ பதித்த கோபுரம் வேண்டும், நுரையீரலைப் பொசுக்கும் ஒரு திரவத்தைக் காக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். இரண்டு டன்னுக்காக இதை யாரும் கட்டமாட்டார்கள்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் அது நடக்கிறதென்றால், அங்கே பரந்த நிலமும் நீண்ட வறட்சியும் செறிந்த உப்பு நீரும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கின்றன. இங்கே அக்டோபர் பிறந்தால் பாத்தியில் மழைநீர் நிற்கும். தமிழ்நாடு அரசின் உப்புக் கழகம் 1974-இல் தொடங்கப்பட்டு மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் பெரும் பரப்பில் உப்பு எடுக்கிறது. அதைச் சுற்றிலும் தனியார் அளங்களும் உள்ளன. பல அளங்களின் கசப்பு நீரை ஒரே வாய்க்காலில் சேர்த்தால்தான் இந்தக் கணக்கு பேச்சுக்காவது நிற்கும் என்பது என் கருத்து. ஆனால் கசப்பு நீர் எடை கூடுதல், விலை குறைவு. லாரியில் ஏற்றினால் டீசலுக்கே போய்விடும்.

கடல்ல இருந்து வந்தது, கடல்லயே விட்டா என்ன தப்பு?

மேலே சொன்ன 40 கனமீட்டர் கடல்நீர் ஒரு கனமீட்டராகச் சுண்டியிருக்கிறது. அளவு மட்டுமன்றிச் சேர்க்கையும் மாறிவிட்டது: சோடியமும் கால்சியமும் பெரும்பகுதி போய், மக்னீசியம் மேலோங்கிய நீர் அது. கடல்நீர் ஒரு லிட்டர் 1.025 கிலோ எடை. கசப்பு நீர் சுமார் 1.25 கிலோ. ஆகவே ஊற்றினால் மேலே கலக்காமல் அடியில் இறங்கி, தாழ்வான இடத்தில் குளம்போலத் தங்கும். மன்னார் வளைகுடாவின் கரையோரம் ஆழமற்றது. அடியில் கடற்புல் இருக்கிறது. கரைக்கு எதிரே 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவும் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஏராளமான வெள்ளத்தோடு சிறுகச் சிறுக விடுவதும், கோடையில் ஓடைவாயில் ஒரே நாளில் திறந்துவிடுவதும் ஒன்றாகா.

நரிப்பையூரில் அமைக்கப்பட்டது போன்ற கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் மிச்ச நீரையும் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அது வேறு. அங்கே மிஞ்சுவது ஒன்றரை முதல் இரண்டு மடங்கு செறிந்த கடல்நீர். சேர்க்கை பெரிதும் மாறுவதில்லை. அதற்கும் எங்கே, எப்படி விடுவது என்ற கேள்வி உண்டு. ஆனால் கசப்பு நீரின் கடுமை அதற்கில்லை.

பாத்தி செவசெவன்னு ஆகுதே, கெமிக்கல் கலக்குறாங்களா?

யாரும் கலப்பதில்லை. உப்புச் செறிவை விரும்பும் நுண்ணுயிர்களும் டுனாலியெல்லா என்ற நுண்பாசியும் பெருகும்போது நீர் சிவக்கிறது. சிவந்த நீர் வெயிலைக் கூடுதலாக வாங்கிக்கொள்வதால் விரைவில் வற்றும். அளத்துக்காரருக்கு அது லாபம்தான். நடுத்தரச் செறிவுள்ள பாத்திகளில் ஆர்ட்டீமியா என்ற நூலளவு இறால் வகை வளரும் இடங்களும் உண்டு. அதன் முட்டையிலிருந்து பொரியும் குஞ்சு இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தீவனமாகிறது. உப்பளத்தின் உயிருள்ள துணைப்பொருள் அது.

நாலு டன் விறகு போட்டேன், ஒரு டன் கரி தேறல. மிச்சம் எங்க போச்சு?

வானத்துக்குப் போயிற்று. விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுடும் மண்மூட்டத்தில் விறகின் எடையில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு கரியாகத் தேறுவதே வழக்கம். வெட்டிய ஈர விறகானால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீராகவே இருக்கக்கூடும். மூட்டம் பற்றவைத்த முதல் நாளில் எழும் கொழுத்த வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. பிறகு புகை மஞ்சளாகிக் கண்ணைக் கரிக்கும். அப்போது மரமே சிதைந்து அசிட்டிக் அமிலமும் மெத்தனாலும் தாரும் வெளியேறுகின்றன. கடைசியில் புகை மெலிந்து நீலமாகும்போது துளைகளை அடைத்துவிடுவார்கள். மூட்டத்துக்காரர்கள் புகையின் நிறத்தைப் பார்த்தே இதையெல்லாம் செய்கிறார்கள். அவர்களிடம் வேறு மானி இல்லை.

மஞ்சள் புகையைக் குளிரவைத்துப் பிடிக்கலாமே என்பது அடுத்த கேள்வி. பிடித்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் பத்ராவதியில் மரக்கரியால் இரும்பு உருக்கும் ஆலை 1923-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, மரத்தை மூடிய கலத்தில் வாட்டி மெத்தனால் முதலியவற்றைப் பிரிக்கும் பிரிவும் அதோடு இருந்தது. அதே 1923-இல் ஜெர்மனியில் வாயுக்களிலிருந்து மெத்தனாலை நேரடியாகச் செய்யும் முறை தொழிலாகிவிட்டது. மலிவான சரக்கு வந்ததும் மரத்து மெத்தனாலுக்கு வாங்குவோர் குறைந்தனர். துணைப்பொருளை விற்கும் எவரும் இதைக் கவனிக்க வேண்டும்: உங்கள் போட்டி, அதையே முதற்பொருளாகச் செய்பவரிடமிருந்து வரும்.

பிரித்த மூட்டத்தையும் கரிச்சாக்கு அடுக்கிய மூடிய அறையையும் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே கனல் மிச்சமிருந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. கரிக் கிட்டங்கியில் இரவு கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டாம்.

கரித்தூளுக்கு ஆள் இருக்கா?

இருக்கிறார்கள். ஊதுவத்தி செய்பவர்களும், பசை சேர்த்துக் கட்டிக்கரி அழுத்துபவர்களும் வாங்குவார்கள். மண் கலந்திருந்தால் வாங்கமாட்டார்கள். மூட்டத்தின் அடித்தூளைத் தனியே கட்டுங்கள்.

நண்டு ஓட்டுல பெரிய காசுன்னு சொல்றாங்களே, அப்ப கழிவே இல்லாத தொழில்னு சொல்லலாமா?

பாக் நீரிணையின் நீல நண்டைச் சதை எடுத்து ஏற்றுமதிக்கு அனுப்பும் கூடங்களில் ஓடு மிஞ்சுகிறது. உலர்ந்த ஓட்டில் ஏறத்தாழ பாதிவரை சுண்ணாம்புச் சத்து. மீதி புரதமும், ஓட்டுக்கு உறுதி தரும் நார்ப்பொருளான கைட்டினும். ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். காரத்தில் கொதிக்கவைத்தால் புரதம் கரையும். மிஞ்சுவது கைட்டின். அதை அடர்ந்த காஸ்டிக் சோடாவில் மறுபடி வேகவைத்தால் கைட்டோசான். மருத்துவத்திலும் நீர்ச் சுத்திகரிப்பிலும் உரத்திலும் அதற்கு இடமுண்டு. விலை இந்தக் கடைசிப் படியில்தான் ஏறுகிறது. ஓடு கொடுப்பவருக்கு வருவது முதற்படியின் காசு.

கழிவே இல்லாத தொழில் என்பதை நான் ஒப்பமாட்டேன். அமிலத்தில் ஊறிய நீர் கால்சியம் குளோரைடு கரைசலாகவும், காரத்தில் வெந்த நீர் புரதக் குழம்பாகவும் வெளியே வருகின்றன. ஒரு நாற்றத்தை ஒழித்து இரண்டு தொட்டி நீரை உண்டாக்கியிருக்கிறோம். அவற்றை நடுநிலையாக்கி, புரதத்தைப் பிரித்து, நீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஆலை நல்ல ஆலை. வாய்க்காலில் விடுவது ஓட்டைக் கரையில் கொட்டுவதைவிடக் கேடு. முதற்கேள்விக்குச் சொன்னது இங்கும் பொருந்தும்: துணைப்பொருள் செய்வதும் ஒரு செய்கைதான், அதற்கும் துணைப்பொருள் உண்டு.

சங்காயத்துக்கு நல்ல விலை வருதே, அது நல்லதுதானே?

வலையில் தெரியாமல் சேர்ந்துவரும் பொடி மீனையும், விலை போகாத இனங்களையும் நம் கரையில் சங்காயம் என்கிறோம். காயவைத்துக் கோழித் தீவனத்துக்கும், வேகவைத்துப் பிழிந்து மீன்தூளுக்கும் எண்ணெய்க்கும் போகிறது. நான்கைந்து டன் மீனுக்கு ஒரு டன் தூள் என்பது பொதுக்கணக்கு. முன்பு கடலிலேயே கொட்டிவிட்டு வந்ததைக் கரைக்குக் கொண்டுவந்து காசாக்குவதில் குறை இல்லை என்றுதான் முதலில் தோன்றும்.

சிக்கல் அதன் விலையில் இருக்கிறது. இறால் பாடு சரியில்லாத நாளில் டீசல் காசைச் சங்காயமே ஈடுகட்டும் என்றாகிவிட்டால், சிறுகண் வலையை மாற்ற யாருக்கும் மனம் வராது. அந்தப் பொடியில் நாளைய பெரிய மீனின் குஞ்சும் இருக்கிறது. கசப்பு நீருக்கு விலை வந்தால் கடலில் உப்பு குறைந்துவிடாது. சங்காயத்துக்கு விலை வந்தால் மீன் குறையும். துணைப்பொருளுக்கு விலை கிடைப்பது எப்போதும் நல்லதே என்று எழுதிய ஒரு மாணவிக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் அந்த வரியை அடித்துவிட்டாள்.

மனுசங்க செய்யிற காரியத்துக்கும் துணைப்பொருள் உண்டா, இல்ல ஆலைக்கு மட்டும்தானா?

சீமைக்கருவேலைப் பாருங்கள். அமெரிக்க மண்ணுக்குரிய மரம். விறகுக்கும் வேலிக்கும் என்று கொண்டுவந்து விட்டது. கண்மாய் மேடிட்டு, மழை பொய்த்து, ஆட்கள் வெளியூர் பிழைப்புக்குப் போய், உழாமல் கிடந்த புஞ்சையில் அது தானாகப் பரவியது. உழவு நின்றதன் பக்கவிளைவு அந்தக் காடு. அந்தக் காட்டின் மேல் எழுந்த பிழைப்பு கரி. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் அதை அகற்ற உத்தரவிட்டபோது, இந்த மேடையில் நின்ற கரி வியாபாரி ஒருவர், ‘மரத்தை எடுங்க, வேணாங்கல. நிலத்துல உழ ஆளு யாரு?’ என்று கேட்டார். வேதியியலில் வினையைத் திருப்பி நடத்த வெப்பத்தையோ அழுத்தத்தையோ மாற்றினால் போதும் என்று சில இடங்களில் சொல்லலாம். இங்கே எதை மாற்றுவது என்பதில் ஊருக்கு ஊர் விடை வேறு. இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் போகவில்லை.

கசப்புத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டாந்தா டிகிரி பாத்துச் சொல்வீங்களா?

சொல்வேன், மானி மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. ஆனால் அது அடர்த்தியை மட்டும் சொல்லும், உள்ளே என்ன கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. வெறும் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்தாலும் 24 டிகிரி வரை காட்டும். புரோமின் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். வெயிலில் சுட்ட நீர் டிகிரியைக் குறைத்துக் காட்டும் என்பதால் நிழலில் ஆறவைத்துக் கொண்டுவாருங்கள். அரை பாட்டில் போதாது, மானி பாட்டிலின் அடியில் தட்டும். கழுத்துவரை நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலாக இருக்கட்டும்.